சீப்பு, சோப்பு, சாவி

'கோபம் வந்தால் மோட்டாரைத் தொடாதே.' என் வேலை மேசைக்கு மேலே, சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கும் வாசகம் இது. இருபத்திரண்டு வருடமாகப் பல் செட் கட்டுகிறேன். இந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவைதான் மீறியிருக்கிறேன். அதையும் தெரிந்தே மீறினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று நீங்கள் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் செட் கட்டி அனுப்புவேன். கட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி அரைப்பது. அதற்குத்தான் கைமோட்டார். தடித்த பேனா அளவுதான் இருக்கும். வாலில் ஒரு ஒயர், காலடியில் ஒரு மிதி. நுனியில் 'பர்' என்கிற அரைமுனையைச் செருகி இறுக்கிவிட்டு மிதித்தால் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றும். பார்வைக்குப் பூனைக்குட்டி. அவிழ்ந்த முடியோ, தொங்குகிற துணியோ, கையில் வளையலோ சிக்கினால் புலி.

அதனால் உட்காரும் முன் முடியை இறுக்கிக் கட்டுவேன். வளையல், மோதிரம் எல்லாம் டப்பாவுக்குள் போகும். கண்ணுக்குக் கண்ணாடி, தூள் நெஞ்சுக்குள் போகாமல் இருக்க முகமூடி. முனை அடிவரை உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு முகத்தைவிட்டு எட்டத் தள்ளிப் பிடித்து, சும்மா சுற்றவிட்டு, ஆட்டம் இருக்கிறதா என்று கவனிப்பேன். செட்டின் மேல் வைத்த பிறகு அழுத்தவே கூடாது, தடவ வேண்டும். அழுத்தினால் பிளாஸ்டிக் சூடேறி இளகும், முனை துள்ளும். வேகம் செய்ய வேண்டிய வேலையைக் கைப்பலம் செய்யக் கூடாது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வேலை தெரியாமல் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலை தெரிந்ததால்தான் செய்ய முடிந்தது.

அந்தப் புதன்கிழமை காலையில் வந்தவள் எங்கள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. குடும்பத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. யார் வீட்டில் யார் தும்மினாலும் சாயங்காலத்துக்குள் மூன்று தெருவுக்குச் செய்தி போய்விடும். ரேடியோவையாவது நிறுத்தலாம், இவளுக்கு அந்தப் பொத்தானே கிடையாது. ஆறு மாதத்துக்கு முன் ஈறு முழுக்கச் சீழ் பிடித்து, மேல்வரிசைப் பல் எல்லாவற்றையும் டாக்டர் பிடுங்கிவிட்டார். பல்லு போனா சொல்லு போச்சு என்பார்களே, அப்படியே ஆயிற்று. அத்தை வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். மூன்று தெருவும் அமைதியாக இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன்.

செட் கட்டும் வேலை என்னிடமே வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைக்காதீர்கள். அந்த டாக்டரின் வேலை எல்லாம் என்னிடம்தான் வரும். அத்தையின் செட்டையும் நான் ஒழுங்காகத்தான் கட்டினேன். கை அதன் பழக்கத்தில் வேலை செய்தது, மனசை அது கேட்கவில்லை.

"பெரியவளே, எங்க உக்காரணும்?" என்றாள் அத்தை. உதடு உள்ளே மடிந்து, முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது.

"அங்கேயே உக்காருங்க" என்று முக்காலியைக் காட்டினேன்.

செட்டை வாயில் மாட்டினேன். முகம் எழுந்து நின்றது. பத்து வயது குறைந்தது. என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"சொல்லுங்க. சீப்பு, சோப்பு, சாவி."

இது நான் எல்லோரிடமும் சொல்லச் சொல்கிற சொல். மேல்செட்டில் முன்பல்லுக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கிறது. நாக்கு நுனி போய் நிற்கும் இடம். அது தடித்துவிட்டால் பேச்சு கொழகொழக்கும். ஒரு மில்லிமீட்டர் பள்ளமாகிவிட்டால் காற்று அந்த வழியாக ஓடி விசிலடிக்கும். சீப்பும் சோப்பும் சாவியும் சுத்தமாக வந்தால் செட் சரி.

"சீப்பு, சோப்பு, சாவி" என்றாள் அத்தை. கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆறு மாதம் கழித்து ரேடியோ திரும்பி வந்துவிட்டது.

கடி எங்கே அதிகம் படுகிறது என்று காட்டும் நீலத்தாளை இடுக்கிக் கடிக்கச் சொன்னேன். வலது கடைவாயில் கொஞ்சம் அதிகமாக நீலம் ஒட்டியது. ஈறு ஓரம் ஓரிடத்தில் உரசுகிறது என்றாள். இரண்டும் சின்ன வேலை. செட்டைக் கழற்றிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். பல் இல்லாத வாயால் சொன்னாலும் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது.

"ஞாயித்துக்கிழமை சின்னவளைப் பேச வர்றாங்களாமே. நானும் வர்றேன். எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியது இருக்கு."



சின்னவள் என் தங்கை. முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகும் நிலையில் இருந்தது. கடைசிப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நடுவீட்டில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள். "போன மாசம் உங்க பொண்ணு மூணு நாள் வீட்டுல இல்லையாமே. ஆபீஸ் டிரெயினிங்னு சொன்னீங்க. ஆபீஸ்ல கேட்டா அப்படி ஒண்ணும் இல்லேங்கறாங்க. எங்க இருந்தா?"

தங்கை அத்தையைப் பார்த்தாள். அத்தை சுவரைப் பார்த்தாள்.

அந்த மூன்று நாளும் தங்கை இருந்தது அத்தை வீட்டில். அத்தைக்கு மூல ஆபரேஷன். மாமா வெளியூரில். உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கிடந்தவளுக்குக் கழுவி, துடைத்து, கஞ்சி ஊற்றியவள் என் தங்கை. ஊர்ச் செய்தியெல்லாம் பரப்புகிற வாய்க்குத் தன் செய்தி வெளியே போவதில் அத்தனை கூச்சம். யாரிடமும் சொல்லக் கூடாதென்று அம்மா மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். டிரெயினிங் என்று வீட்டில் பொய் சொல்லச் சொன்னதும் அவள்தான்.

"எனக்கென்னம்மா தெரியும்? என் வீட்டுக்கு அவ வரவே இல்லையே" என்றாள் அத்தை.

அவ்வளவுதான். ஊரில் இல்லாததை எல்லாம் சொன்ன வாய், இருந்த ஒன்றைச் சொல்லவில்லை. தங்கை உள்ளே வந்து என்னிடம் மட்டும் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். நான் வெளியே ஓடிப்போய்க் கத்தினேன். அத்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தங்கச்சியைக் காப்பாத்த என் தலையை உருட்டுறா பாரு" என்றாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள். அதற்கப்புறம் 'மூணு நாள்' என்பது என் தங்கையின் இன்னொரு பெயராகிவிட்டது. பேச வந்த ஒவ்வொரு வீடும் அதைக் கேட்டது, கேட்டுவிட்டுப் போனது. அம்மா அதை நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினாள்.

இப்போது பன்னிரண்டு வருடம் கழித்து ஒருவர் வருகிறார். பஸ் பட்டறை மெக்கானிக். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. தங்கை வேலைக்குப் போகிற பஸ்ஸில் பழக்கமாகி, அவரே கேட்டார். அவருக்கு மூத்தவர் ஒரே அக்காதான், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வருகிறார்கள். அதற்குத்தான் இந்த ரேடியோவும் வருகிறதாம், பேச வேண்டியது இருக்கிறதாம். ஒரு தடவை கெடுத்தது போதாதா? புதுப் பல்லைக் கட்டிக்கொண்டு வந்து மறுபடியும் கடிக்க வேண்டுமா?

"வாங்க அத்தை. வராம எப்படி?" என்றேன். என் குரல் தேனாக இருந்தது.

மேசையில் உட்கார்ந்தேன். சுவரில் என் கையெழுத்து என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கடைவாயில் நீலம் பட்ட இடத்தை இரண்டு தடவலில் எடுத்தேன். ஈறு ஓரத்தை மழுக்கினேன். வேலை அங்கே முடிந்துவிட்டது. மிதியிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும்.

எடுக்கவில்லை. உருண்டை முனைக்கு மாற்றினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டிருந்தேன், திரும்ப இறக்கவில்லை. புது முனையைச் சும்மா சுற்றவிட்டுப் பார்க்கவும் இல்லை. முன்பல்லுக்குப் பின்னால், நாக்கு நுனி போய் நிற்கும் இடத்தில் வைத்து மிதித்தேன். இது எங்கம்மாவுக்கு. இது சின்னவளுக்கு. இது நீ சுவரைப் பார்த்ததற்கு. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அழுத்தினேன். இளஞ்சிவப்புத் தூள் பறந்தது, பிளாஸ்டிக் சூடாகி நாறியது. முனை துள்ளி என் இடது கட்டைவிரலில் ஒரு கோடு இழுத்தது.

"ஸ்ஸ்" என்றேன்.

"என்னாச்சு பெரியவளே?"

"ஒண்ணுமில்ல. வேலைன்னா கொஞ்சம் படும்."

ரத்தத்தைத் துணியில் சுற்றினேன். பள்ளத்தை வழவழவென்று மெருகேற்றினேன். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். கழுவி, தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு அத்தையிடம் கொடுத்தேன்.

"ஈறு புண்ணா இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் போடாதீங்க. டப்பாவுலயே கிடக்கட்டும். இங்க வர்றப்ப மாட்டிக்கிட்டு வந்தாப் போதும்."

"நீ சொன்னா சரிதான்" என்று என் கையைப் பிடித்தாள். "உன் கைக்கு எல்லாம் வரும்."

வரும் அத்தை, வரும். ஞாயிற்றுக்கிழமை வாயைத் திற, எதெல்லாம் வருகிறதென்று நீயே பார். விசிலடிக்கிறவள் பேச்சை எவன் நம்புவான்? சிரிப்பார்கள். நீ என் தங்கையைப் பற்றி எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். ஞாயிறு வரை இருந்த மூன்று நாளும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன். பழி வாங்கினால் தூக்கம் போகும் என்று சொல்கிறவர்கள் சரியாகப் பழி வாங்கிப் பார்க்காதவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மெக்கானிக்கும் அவருடைய அக்காவும் வந்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார், நகக்கண்ணில் கிரீஸ் மட்டும் போகவில்லை. அக்கா குட்டையான, கறாரான பெண்மணி. உட்காரும் முன் என் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கைமோட்டாரைப் பார்த்தாள், சுவரில் இருந்த வாசகத்தைப் படித்தாள், என் கட்டைவிரல் கட்டைப் பார்த்தாள்.

"எப்ப பட்டுச்சு?"

"புதன்கிழமை."

"ம்" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

தங்கை டீ கொண்டுவந்தாள். நான்கு வார்த்தை பேசுவதற்குள் நர்ஸக்கா விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"நான் மென்னு முழுங்கிப் பேச மாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க காதுக்கு ஒண்ணு வந்துச்சு, மூணு நாள் விஷயம். தம்பி கேக்க வேணாம்னுதான் சொன்னான். எனக்குக் கேக்காம இருக்க முடியாது. நாளைக்கு வேற யாராவது கேட்டா நான் பதில் சொல்லணும்ல."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். தங்கை குனியவில்லை. வாசலைப் பார்த்தாள்.

வாசலில் அத்தை நின்றிருந்தாள். இஸ்திரி போட்ட உடை, வாரிய தலை, நிமிர்ந்த முகம், வாயில் என் செட். உள்ளே வந்து நர்ஸக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டேன். நாடகத்துக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது போல இருந்தது.

"அதைச் சொல்லத்தான்..." என்று ஆரம்பித்தாள் அத்தை.

வீட்டுக்குள் ஒரு விசில் எழுந்தது. நீளமாக, மெல்லியதாக, மேலே ஏறிப் போனது. மெக்கானிக் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"கெட்டில் கொதிக்குது போல. நான் போய் அணைக்கவா?" என்றார். பாவம், மரியாதைக்குத்தான் கேட்டார்.

அத்தை திடுக்கிட்டு வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். "சின்னவ..." விசில். "சத்தியமா..." இன்னும் பெரிய விசில். மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. குடித்த டீ மூக்கில் ஏறி இருமினார். எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. கன்னத்தைக் கடித்து அடக்கினேன். அத்தை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. தலையை ஆட்டினாள், பேச மாட்டேன் என்று.

ஜெயித்துவிட்டேன். ரேடியோ நின்றுவிட்டது. நான் தங்கையைப் பார்த்தேன், அவளும் என் சந்தோஷத்தில் பங்கு கேட்பாள் என்று.

தங்கையின் முகம் வெள்ளைத்தாளாக இருந்தது.

"என்ன ஆச்சு அத்தை? பேசுங்க" என்றாள். "சொல்றேன்னு சொன்னீங்களே. பல்லு வந்ததும் சொல்றேன்னு சத்தியம் பண்ணீங்களே."

எனக்குச் சுவர் கொஞ்சம் நகர்ந்தது போல இருந்தது.

"என்ன சத்தியம்?" என்றேன்.

தங்கை என் பக்கம் திரும்பவில்லை. "மூணு ஞாயித்துக்கிழமை இவங்க வீட்டு வாசல்ல போய் உக்காந்தேன். உண்மையைச் சொல்லலேன்னா எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்தேன். மூணாவது வாரம் ஒத்துக்கிட்டாங்க. பல்லு இல்லாம சபையில வர மாட்டேன், பல்லு கட்டினதும் வந்து சொல்றேன்னாங்க. இன்னிக்கு அதுக்குத்தான் வந்திருக்காங்க." அவள் குரல் உடைந்தது. "பேசுங்க அத்தை!"

அத்தை கைக்குட்டைக்குள் அழுதாள். கெடுக்க வந்தவள் இல்லை. சொல்ல வந்தவள். அந்த வாயைத்தான் நான் என் கையால் அரைத்து வைத்திருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவள் வாயால் கெட்டேன்.

நர்ஸக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "இந்தம்மாவால பேச முடியல. என்ன சொல்ல வந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேற யார் சொன்னாலும் அது சாட்சி ஆகாது." நியாயமாகத்தான் சொன்னாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இன்னொருத்தி அப்படித்தான் பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"இருங்க" என்றேன். "போகாதீங்க. அது என் வேலை. நான்தான் பண்ணேன்."

எல்லோரும் பார்த்தார்கள்.

"செட் நல்லாத்தான் இருந்துச்சு. புதன்கிழமை சுத்தமாப் பேசினாங்க. நான்தான் முன்பல்லுக்குப் பின்னாடி வேணும்னே அரைச்சேன். விசிலடிக்கணும்னு. சபையில நாலு பேரு சிரிக்கணும்னு."

அத்தை கைக்குட்டையை இறக்கினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாயில் என் விசில் இருந்ததால் திட்டவும் முடியவில்லை.

தங்கைதான் எழுந்து வந்தாள். என் முகத்துக்கு நேராக நின்றாள்.

"எதுக்குடி?"

"உனக்காகத்தான். மறுபடியும் கெடுக்க வர்றாங்கன்னு நெனச்சேன்."

"எனக்காகவா? உன்கிட்ட நான் ஏன் சொல்லல தெரியுமா? நீ கோபத்துல எதையாவது பண்ணிக் கெடுப்பேன்னுதான் சொல்லல. சொல்லாமலே கெடுத்துட்டே. பழி வாங்க உனக்கு மட்டும்தான் தெரியுமா? எனக்குத் தெரியாதா? எனக்கு இவங்களைப் பார்த்து நாலு பேரு சிரிக்க வேணாம். நாலு பேரு நம்பணும். அந்த வாய் தெளிவா, ஒவ்வொரு எழுத்தும் விளங்குற மாதிரி, ஒரு தடவை உண்மை பேசணும். அதுதான்டி என் பழி. பன்னிரண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். அதைப் போய் விசிலாக்கி வச்சிருக்கியே."

என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி பண்ண முடியுமா முடியாதா?" என்றாள்.

"முடியும். இருபது நிமிஷம்."

"பண்ணு."

நர்ஸக்கா பையை மடியிலிருந்து கீழே வைத்தாள். "இருபது நிமிஷம் நான் இருப்பேன்" என்றாள்.

அத்தை மெல்ல செட்டைக் கழற்றி என் கையில் வைத்தாள். முகம் மறுபடி சுருங்கியது. அந்தச் சுருங்கிய முகத்தை நான் அன்றுதான் நேராகப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வெட்கம் வந்தது.

கழுவித் துடைத்து, பள்ளத்தின் மெருகைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டிச் சொரசொரப்பாக்கினேன். வழவழப்பில் எதுவும் ஒட்டாது. முதலில் ஒரு துளி மெழுகை உருக்கி வைத்து, அத்தையைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். விசில் பாதி குறைந்தது. இன்னும் ஒரு துளி. நின்றது. அந்த உயரத்தை மனசில் குறித்துக்கொண்டு மெழுகை எடுத்தேன். செட் கட்டும் இளஞ்சிவப்புத் தூளில் அதற்கான திரவம் சொட்டிக் குழைத்து, அதே உயரத்துக்கு ஒரு மயிரிழை கூடவே வைத்து, வெந்நீரில் இறுக விட்டேன். திரவத்தின் காட்டமான வாடை வீடெல்லாம் நிறைந்தது. நர்ஸக்கா கேட்காமலே ஜன்னலைத் திறந்தாள்.

இறுகியதும் மேசையில் உட்கார்ந்தேன். மோட்டாரை எடுக்கப் போன கையை நர்ஸக்கா பிடித்தாள். விரல் நடுங்குகிறதா என்று பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த வாசகத்தைக் காட்டினாள்.

"இப்ப தொடலாமா?"

நான் மூச்சை இழுத்துவிட்டேன். யார் மேலாவது கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். என் மேல்தான் இருந்தது. அது தணியும் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"தொடலாம்" என்றேன்.

முடியைக் கட்டினேன், வளையலைக் கழற்றினேன். கண்ணாடி, முகமூடி. முனையை அடிவரை செருகி இறுக்கினேன். தள்ளிப் பிடித்துச் சுற்றவிட்டேன், ஆட்டம் இல்லை. இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, செட்டை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலை அதன் ஓரத்தில் முட்டுக்கொடுத்தேன். அப்படிப் பிடித்தால் முனை வழுக்கினாலும் விரல் பக்கம் ஓடாது. புதன்கிழமை அதைக்கூட நான் செய்யவில்லை. குறைந்த வேகத்தில் தடவினேன். தடவுவது, எடுப்பது, விரலால் பார்ப்பது, மறுபடி தடவுவது. சூடேறும் முன் தண்ணீரில் முக்கினேன். புது ஒட்டு எங்கே முடிகிறது, பழசு எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியாதபடி சமமாக்கினேன். மிதியை விட்டு, முனை முழுசாக நின்ற பிறகுதான் மோட்டாரைத் தாங்கியில் வைத்தேன்.

செட்டை அத்தையிடம் நீட்டினேன். மாட்டிக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றேன்.

"சீப்பு, சோப்பு, சாவி."

சுத்தம்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நர்ஸக்கா பக்கம் திரும்பினாள். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த மூணு நாளும் சின்னவ என் வீட்டுலதான் இருந்தா. எனக்கு மூல ஆபரேஷன். கழுவிவிட்டதெல்லாம் அவதான். வெளிய தெரிஞ்சா வெட்கம்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். சபையில கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன். பொய் சொன்னேன். அவ மேல ஒரு சொட்டுத் தப்பு கிடையாது."

நர்ஸக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மூலமா? இதுக்காகவா? வாரத்துக்கு ஆறு பேருக்கு நான் துணி போர்த்திவிடுறேன்மா. ஊர்ல பெரிய மனுஷங்கன்னு திரியிற பாதிப் பேருக்கு அதுதான்." சொல்லிவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்தாள். "மூணு நாள் அந்த வேலையைப் பாத்துட்டுப் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்காம இருந்தியா? எங்க தியேட்டர்ல உன்னை மாதிரி ஒருத்திகூட இல்லம்மா." தம்பியைப் பார்த்தாள். "எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணுமில்லடா. நீ கேக்குறதைக் கேட்டுக்கோ."

மெக்கானிக் எதுவும் கேட்கவில்லை. தங்கையைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்திருப்பாள். நீளமாக மூச்சுவிட்டு எழுந்திருக்கப் போனாள்.

"உக்காருங்க அத்தை" என்றாள் தங்கை.

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போனை எடுத்தாள், ஒரு எண்ணைத் தட்டினாள், ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் அத்தைக்கு முன்னால் வைத்தாள். இரண்டு தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"யாரு?" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

பன்னிரண்டு வருடம் ஆனாலும் எனக்கு அந்தக் குரல் தெரிந்தது. நடுவீட்டில் உட்கார்ந்து 'எங்க இருந்தா' என்று கேட்ட குரல். முதல் மாப்பிள்ளையின் அம்மா. தங்கை அந்த எண்ணை அழிக்கவே இல்லை.

அத்தை போனைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். சுவரைப் பார்க்கத் திரும்பினாள். தங்கை சுவருக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றாள்.

அத்தை சொன்னாள். யார் என்று சொன்னாள், எந்தச் சபை என்று சொன்னாள், மூணு நாள், என் வீடு, என் ஆபரேஷன், என் பொய் என்று சொன்னாள். சத்தியம் என்ற சொல்லும் சபை என்ற சொல்லும் சின்னவள் என்ற சொல்லும் முத்து முத்தாக விழுந்தன. நான் ஒவ்வொன்றையும் தொழில்காரக் காதால் கேட்டேன். எங்கும் விசில் இல்லை, எங்கும் கொழகொழப்பு இல்லை. என் வாழ்நாளில் அதைவிட நல்ல செட்டை நான் கட்டியதில்லை.

"இதை ஏன் இப்பச் சொல்றீங்க?" என்றது போன்.

"அப்பச் சொல்லல, அதனால" என்றாள் அத்தை.

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அத்தையின் நெற்றியெல்லாம் வேர்வை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "போதுமாடி சின்னவளே?" என்று கேட்டாள்.

தங்கை டீ தட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். பன்னிரண்டு வருடத்தில் பேச வந்து, கேட்டுவிட்டு எழுந்து போன வீடுகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. முதல் வரியை அடித்தாள். ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றி அத்தையின் பக்கம் நகர்த்தினாள்.

"குடிச்சுக்குங்க அத்தை. இன்னும் பத்து வீடு இருக்கு" என்றாள், அடுத்த எண்ணைத் தட்டிக்கொண்டே.